தில்லியின் மின்னிசை இரட்டையர்

தில்லிக்கு மாற்றலாகி வந்த புதிதில், இங்கே இசை என்றால் பாங்ராதான் என்று நினைத்திருந்தேன். அதை மாற்றியவர்கள் மிடிவல் பண்டிட்ஸ்.

கௌரவ் ரெய்னா, தபன் ராஜ் என்ற இரண்டு தில்லிக்காரர்கள் 1997-ல் ஆரம்பித்த குழு. இந்துஸ்தானி இசையைக் கம்ப்யூட்டர் தாளத்தோடு சேர்த்தார்கள். மீரா நாயரின் 'மான்சூன் வெட்டிங்' (2001) படத்தில் இவர்கள் இசை ஒலித்தது. முதல் ஆல்பத்தை 2002-ல் வெளியிட்டது உள்ளூர்க் கம்பெனி அல்ல, சான் பிரான்சிஸ்கோவின் சிக்ஸ் டிகிரீஸ். அடுத்தவை 2005, 2009, 2015-ல். நடுவே 2010-ல் கர்ஷ் காலேயுடன் 'கார்த்திக் காலிங் கார்த்திக்' பின்னணி இசை.

பதினெட்டு வருஷத்தில் நான்கு ஆல்பம்! கடன் கேட்டு வந்திருந்தால் நானே யோசித்திருப்பேன். ஆனால் ஊரை விட்டு வந்தவனுக்கு இவர்கள் சொல்வது புரிகிறது: பழசைத் தொலைக்காமலே புது இடத்தில் பிழைக்கலாம். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.