அச்சமும் மருட்கையும்: ரே பிராட்பரி என்னும் ரசிகர்

எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்திற்கும் மருட்கைக்கும் இடமளித்தது தமிழ் இலக்கண மரபு. எனினும் பேய்க்கதை, மாயக்கதை, வேற்றுலகக் கதை ஆகியவற்றை விரும்பிப் படிப்போரைச் சற்றே தாழ்த்தி நோக்கும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. கடந்த நூற்றாண்டு அமெரிக்காவில் அத்தகைய எள்ளலுக்கு ஆளாகி, ஒரே ஒருமுறை அதற்குப் பணிந்து, பின்னர் வாழ்நாள் முழுவதும் பணிய மறுத்தவர் ரே பிராட்பரி. அவரை உலகம் எழுத்தாளராக அறியும். ஆனால் அவர் முதலில் ஒரு ரசிகர். அந்த ரசனையின் வரலாற்றை அறியாமல் அவரது எழுத்தின் வரலாற்றை அறிதல் அரிது.

ரசனையின் தோற்றம்

பிராட்பரி 1920 ஆகஸ்டு 22-ஆம் நாள் இல்லினாய் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த வாக்கிகன் என்னும் ஊரில் பிறந்தார். தாயாருடன் திரையரங்கு சென்ற மூன்று வயதுக் குழந்தையின் நெஞ்சில் லான் சேனி நடித்த நோத்ர தாம் கூனனின் உருவம் பதிந்தது. சில ஆண்டுகளில் அதே நடிகரின் 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஆபரா' (1925) அவ்வச்சத்தை ஆழப்படுத்தியது. இளைய அத்தை நீவா, ஆஸ் நாட்டுக் கதைகளையும் எட்கர் ஆலன் போவின் திகில் கதைகளையும் அறிமுகம் செய்தார். ஊருக்கு வந்த பிளாக்ஸ்டோனின் மாயவித்தைக் காட்சிகளும் ஊர்சுற்றும் களியாட்டக் கூடாரங்களும் எஞ்சிய இடத்தை நிரப்பின. திரை, நூல், மேடை, திருவிழாத் திடல் என ஊடகம் மாறினும் சுவை ஒன்றாகவே இருந்தது.

கிழித்த கையும் அழுத கண்ணும்

1929-இல் செய்தித்தாள்களில் 'பக் ராஜர்ஸ்' என்னும் விண்வெளிப் படக்கதை வெளிவரத் தொடங்கியது. ஒன்பது வயதுச் சிறுவனான பிராட்பரி அதனை நாள்தோறும் வெட்டியெடுத்துச் சேர்த்துவந்தார். வகுப்புத் தோழர்கள் நகைத்தனர். நகைப்புக்கு நாணிய சிறுவன் தன் சேகரிப்பைத் தானே கிழித்தெறிந்தான். சில நாள்களில் தாங்கவியலாத துயரம் பற்றியது. யாரோ இறந்துவிட்டதுபோல் அழுத அவன், இறந்தது தன்னுள் இருந்த ஒன்றே என உணர்ந்தான். நகைத்தோர் தன் நண்பரல்லர் எனத் தெளிந்து மீண்டும் முதலிலிருந்து சேகரிக்கத் தொடங்கினான். பிற்காலத்தில் அவர் இந்நிகழ்ச்சியைப் பலமுறை நினைவுகூர்ந்தார்.

1932-இல் குடும்பம் அரிசோனா மாநிலத்து டூசான் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு உள்ளூர் வானொலியில் குழந்தைகளுக்காகப் படக்கதைகளை உரக்கப் படிக்கும் பணி அவருக்கு வாய்த்தது. ஊதியம் திரைப்பட நுழைவுச்சீட்டுகள்! வகுப்பறையில் நகைப்புக்கு இடமான படக்கதையே, மற்றோர் ஊடகத்தின் வாயிலை அவருக்குத் திறந்தது.

கழகம் தந்த நிழல்

1934-இல் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்தது. அவ்வாண்டில் அந்நகரில் அறிவியல் புனைகதை ரசிகர்களின் கழகம் ஒன்று உருவாகியிருந்தது. கிளிஃப்டன் உணவகத்தில் வியாழன்தோறும் கூடிய அக்கழகத்தில் பிராட்பரி 1937-இல் சேர்ந்தார். அவரது 'ஹாலர்பாக்கன்ஸ் டைலம்மா' என்னும் கதை 1938-இல் கழக இதழில் வெளிவந்தது. பயிற்சிக் கதை என்றே அதனைச் சொல்ல வேண்டும். எனினும் அச்சுக்கு வந்த முதற் கதையைப் பொறுமையுடன் படிக்கும் ஒரு சிறு வட்டம் அவருக்குக் கிடைத்தது. 1939-40 ஆண்டுகளில் 'ஃபியூச்சூரியா ஃபேன்டாசியா' என்னும் இதழைத் தாமே நடத்தினார். நான்கு இதழ்களே வந்தன. பொருளுதவி செய்தவர் கழகத் தோழர் ஃபாரஸ்ட் ஆக்கர்மன்.

1939-இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டிற்கு அவர் பேருந்தில் சென்றார். அப்பயணத்தில் தம் கதைகளுக்கு இடம் தேடியதோடு நிற்கவில்லை. ஹேனஸ் போக் என்னும் இளம் ஓவியரின் படங்களையும் கையோடு கொண்டுசென்று 'வியர்ட் டேல்ஸ்' இதழாசிரியரிடம் காட்டினார். அவ்வாண்டு டிசம்பர் இதழின் அட்டையை அலங்கரித்தது போக்கின் ஓவியமே.

கல்லூரிப் படிப்புக்கு வழியற்ற பிராட்பரி தெருமுனையில் செய்தித்தாள் விற்றார், நூலகங்களில் பயின்றார். சிறு வயதில் மிச்சிகன் ஏரியில் மூழ்கி இறந்த ஒரு சிறுமியின் நினைவிலிருந்து 1942-இல் 'தி லேக்' கதையை எழுதி முடித்தபோது அவர் கண்ணீர் உகுத்தார். பிறர் நடையைப் பின்பற்றாமல் தம் அச்சத்தைத் தாமே எழுதிய முதற்கதையாக அவர் அதனைக் கருதினார். 'வியர்ட் டேல்ஸ்' 1944-இல் அதனை வெளியிட்டது. முதல் தொகுப்பான 'டார்க் கார்னிவல்' 1947-இல் வந்தது.

ஊடகம் கடந்த சுவை

'கிங் காங்' (1933) கண்டு மயங்கிய மற்றோர் இளைஞர் ரே ஹாரிஹௌசன். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ரசிகர் வட்டத்தில் நண்பரானவர்கள். தொல்விலங்குகள் மீது தீராக் காதல் கொண்டவர்கள். கலங்கரை விளக்கின் ஒலியைத் தன் இனத்தின் குரலென எண்ணிக் கடலடியிலிருந்து எழும் தனித்த விலங்கைப் பற்றிப் பிராட்பரி எழுதிய கதை 1951-இல் வெளிவந்தது. 'தி ஃபாக் ஹார்ன்' என்னும் பெயரால் இன்று அறியப்படும் அக்கதையைத் தழுவிய 1953-ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்கு விலங்கை இயக்கியவர் ஹாரிஹௌசன். அதே கதையே இயக்குநர் ஜான் ஹூஸ்டனைத் தம்பால் ஈர்த்து, 'மோபி டிக்' (1956) திரைக்கதையை எழுதும் வாய்ப்பைத் தந்தது எனப் பிராட்பரி நம்பினார். தொல்விலங்குகளை நேசித்த சிறுவனின் 'முதிராத' சுவை, மெல்வில்லின் பெருநாவல்வரை அவரைக் கொண்டுசென்றது.

களியாட்டக் கூடாரமும் அவ்வாறே வளர்ந்தது. 1948-இல் 'தி பிளாக் ஃபெர்ரிஸ்' என்னும் சிறுகதையானது, பின்னர் நடிகர் ஜீன் கெல்லிக்காகத் திரைக்கதையானது. அதற்குப் பொருள் திரளாமற்போகவே, 1962-இல் 'சம்திங் விக்கெட் திஸ் வே கம்ஸ்' என்னும் நாவலாயிற்று. 1983-இல் திரைப்படமும் ஆயிற்று. 1985 முதல் 1992 வரை அவர் பெயரில் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரின் 65 பகுதிகளையும் அவரே எழுதினார்.

1952-இல் ஈசி என்னும் படக்கதை நிறுவனம் அவருடைய இரு கதைகளை இசைவின்றி இணைத்து வெளியிட்டது. அவர் சினக்கவில்லை, உரிமைத்தொகையை அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலும் எனப் பணிவுடன் ஒரு மடல் எழுதினார். தொகை வந்தது. அவர் ஒப்புதலுடன் மேலும் பல கதைகள் படக்கதையாயின.

எரிக்கப்படும் நூல்கள்

இவ்வரலாற்றின் மையம் இனித்தான் வருகிறது. அச்சக்கதைகளை எழுதிய ஆசிரியர்கள் தம் நூல்கள் எரிக்கப்படுகையில் மறைந்துபோவதை 'தி எக்சைல்ஸ்' (1949) சொல்கிறது. 'அஷர் 2' (1950), கற்பனை நூல்களை எரித்த அதிகாரிகளைப் போவின் கதைமாளிகைக்குள் அழைத்துப் பழிதீர்க்கும் கதை. பின்னர்க் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், அரைமணிக்குப் பத்து சென்ட் வாடகைத் தட்டச்சுப் பொறியில், மொத்தம் 9 டாலர் 80 சென்ட் செலவில் எழுதப்பட்ட 'தி ஃபயர்மேன்' 1951-இல் வெளிவந்தது. அது விரிந்து 1953-இல் 'ஃபாரன்ஹீட் 451' ஆயிற்று.

அந்நாவலை அக்காலத்து அரசியல் அச்சத்தின் விளைவாகவும் நாஜிகளின் நூலெரிப்பின் எதிரொலியாகவும் ஆய்வாளர் காண்பர், அது பொருந்தும். ஆயினும் அந்நாவலில் எரிப்பவனே பின்னர் நூல்களின் காவலனாகிறான் என்பது நோக்கத்தக்கது. பிராட்பரி அறிந்த முதல் நூலழிப்பாளன் வாக்கிகனில் தன் படக்கதைகளைக் கிழித்த ஒன்பது வயதுச் சிறுவனே. ஆணையிட அரசு வேண்டியதில்லை, அருகில் இருப்போரின் நகைப்பே போதும் என்பதை அவன் கை அறிந்திருந்தது. எரிப்பவனின் உள்ளத்தைப் பகைவனின் உள்ளமாக மட்டும் அவர் எழுதாமைக்கு இது ஒரு காரணமாகலாம்.

நிறைவாக

2000-இல் அமெரிக்க தேசிய நூல் அறக்கட்டளையின் பதக்கமும், 2007-இல் புலிட்சர் சிறப்புப் பாராட்டும் அவரை அடைந்தன. 2012 ஜூன் 5-ஆம் நாள் அவர் மறைந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் தரையிறங்கிடத்திற்கு 'பிராட்பரி லேண்டிங்' எனப் பெயரிட்டனர். அவர் நெடுங்காலம் வாழ்ந்த லாஸ் ஏஞ்சல்ஸ் இல்லம் 2015-இல் இடிக்கப்பட்டது. அவருடைய நூல்கள் எஞ்சின. அவர் விருப்பப்படி அவை வாக்கிகன் பொதுநூலகத்தைச் சேர்ந்தன.

சேகரித்ததைக் கிழித்த ஊருக்கே சேகரித்த நூல்களை அளித்துச் சென்றார் அந்த ரசிகர். தன் சுவையை மறைத்துக்கொண்டு எழுதுபவரிடம் பிறர் சுவையே எழுத்தாகும். அச்சுவையை வெளிப்படையாகச் சொல்ல ஓர் இளைஞனுக்கு வேண்டியிருந்தவை ஓர் உணவகத்து மேசையும், வாரத்தில் ஒரு மாலையும், நகைக்காத சில நண்பர்களுமே. இலக்கிய வட்டம் என்பது அவற்றைத் தருவதற்காகவே அமைந்த ஓரிடம்.