கர்ப்பகால இதய நிறுத்தம்

கர்ப்பகால இதய நிறுத்தம் என்பது கருவுற்ற பெண்ணின் இதயம் திடீரெனச் செயலிழந்து குருதியோட்டம் நின்றுவிடும் நிலையாகும். இது அரிதாகவே நேர்வது. எனினும் வழக்கமான உயிர்மீட்பு முறையில் சில மாற்றங்கள் தேவைப்படுவதால் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தனியே கற்பிக்கப்படுகிறது. கடும் குருதிப்பெருக்கு, நுரையீரல் தமனி அடைப்பு, பனிக்குட நீர் தாயின் குருதியில் கலத்தல், பேற்று வலிப்பு, கடும் நோய்த்தொற்று, இதயத்தசை நோய், மயக்க மருந்தின் பின்விளைவுகள் ஆகியன இதன் காரணங்களுட் சில.

கருப்பையின் அழுத்தம்

ஏறத்தாழ 20 வாரங்களில் கருப்பையின் மேல் விளிம்பு தொப்புளை எட்டுகிறது. அதன்பின் தாய் மல்லாந்து படுத்தால் கருப்பை கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்துகிறது. பெருந்தமனியும் ஓரளவு நசுங்குகிறது. இதனால் உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது. திரும்பி வராத குருதியை, மார்பை எவ்வளவு நன்றாக அழுத்தினாலும் வெளியே தள்ள இயலாது. ஆகவே ஒருவர் மார்பை அழுத்தும்போதே மற்றொருவர் கருப்பையைக் கையால் தாயின் இடப்புறம் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். முன்னர் உடலையே இடப்புறம் சாய்த்துக் கிடத்தும் வழக்கம் இருந்தது. சாய்ந்த உடலில் மார்பழுத்தம் வலுவிழப்பதால் அமெரிக்க இதயச் சங்கம் 2015 இல் கையால் ஒதுக்கும் முறையையே பரிந்துரைத்தது.

பிற மாற்றங்கள்

கர்ப்பிணியின் உடலில் ஆக்சிசன் விரைவில் தீர்ந்துவிடும். எனவே மூச்சுப்பாதையை உடனே கவனிக்க வேண்டும். மருந்தேற்றும் ஊசியை உதரவிதானத்துக்கு மேல், அதாவது கையில் அல்லது கழுத்தில் இட வேண்டும். வலிப்புக்காக மக்னீசியம் சல்பேட்டு ஏறிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திக் கால்சியம் கொடுப்பர். மின்னதிர்ச்சியின் அளவு மற்றவர்களுக்குரியதே. கருவுக்கு ஊறு நேருமோ என்றஞ்சி அதைத் தள்ளிப்போடுவது பெரும் பிழையாகும். தாயை மீட்பதே சேயைக் காப்பதற்கும் சிறந்த வழியாகும்.

நான்கு நிமிட விதி

இறந்த கர்ப்பிணியைச் சேயை வெளியே எடுக்காமல் அடக்கம் செய்யலாகாது என்று பண்டைய உரோமைச் சட்டம் ஒன்று விதித்தது. அக்காலத்தில் இவ்வறுவையால் தாய்க்குப் பயன் ஏதுமில்லை. இக்கருத்து 1986 இல் மாறியது. வெர்ன் காட்சும் உடன் ஆய்வாளர்களும், இதயம் நின்ற 4 நிமிடங்களுக்குள் அறுவையைத் தொடங்கி 5 ஆவது நிமிடத்துக்குள் சேயை எடுத்துவிட வேண்டும் என முன்மொழிந்தனர். கருப்பை வெறுமையானால் சிரையின் மீதுள்ள அழுத்தம் நீங்கித் தாயின் இதயமும் மீளக்கூடும் என்பதே இதன் அடிப்படை. காட்சு 2005 இல் வெளியிட்ட மீளாய்வில் 38 நிகழ்வுகள் தொகுக்கப்பட்டன. குருதியோட்ட நிலை பதிவாகியிருந்த 18 நிகழ்வுகளில் 12 இல், சேய் வெளிவந்த பின்னரே தாயின் நாடி திரும்பியிருந்தது. அறுவையால் தாயின் நிலை மோசமானதாக ஒரு நிகழ்வும் இல்லை. எனினும் இவை பதிப்பிக்கப்பட்ட நிகழ்வுகள் மட்டுமே. தோல்வியுற்றவை பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

அறுவை அரங்குக்குத் தூக்கிச் செல்வதில் நேரம் வீணாவதால், தாய் கிடக்கும் இடத்திலேயே, மார்பழுத்தத்தை நிறுத்தாமல் அறுவை செய்யப்படுகிறது. நுண்கிருமி நீக்கத்துக்கென விரிவான ஏற்பாடுகளுக்குக் காத்திருப்பதில்லை. அறுவைக்கத்தி ஒன்று இருந்தாலே தொடங்கலாம். இதனை 'இறக்கும் தறுவாய் அறுவை' என்று அழைத்து வந்தனர். நோக்கம் தாயை மீட்பதே என்பதால் 2015 இல் 'உயிர்மீட்புக் கருப்பை அறுவை' என்ற பெயர் முன்மொழியப்பட்டது.