இலையற்ற மரமும் மடத்து அடுக்களையும்

1633ஆம் ஆண்டில் ஜாக் கலோ என்ற ஓவியர் 'போரின் பெருந்துயரங்கள்' என்ற தலைப்பில் 18 செதுக்கோவியங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். பிரான்சின் கிழக்கு எல்லையை ஒட்டி அன்று தனி அரசாக இருந்த லொரேன் அவருடைய நாடு. அத்தொகுப்பில் மற்ற எல்லாவற்றையும்விட மனத்தில் நிற்கும் ஓவியம் ஒன்று உண்டு. நடுவில் விரிந்து நிற்கும் ஒரு பெரிய மரம். அதன் கிளைகளில் காய்த்துத் தொங்குவதுபோல் மனித உடல்கள். கொள்ளையடித்துப் பிடிபட்ட சிப்பாய்கள் அவர்கள். ஏணியின் மேல் ஒரு துறவி சிலுவையை உயர்த்திக் காட்டுகிறார். மரத்தடியில் சிலர் பகடை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். முப்பதாண்டுப் போர் (1618–1648) ஐரோப்பாவின் நடுப்பகுதியைத் தின்றுகொண்டிருந்த காலம் அது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அதே லொரேனில், பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் வேறொரு மரத்தைக் கண்டான். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து வெறுமையாய் நின்ற சாதாரண மரம். இன்னும் சில காலத்தில் இது தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் அவனுக்குள் எழுந்தது. எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் அந்தக் கணத்தில், காணாத ஒரு கை எல்லாவற்றையும் பராமரித்துக்கொண்டிருக்கிறது என்ற உறுதி அவனைப் பற்றிக்கொண்டது. அந்த உறுதி பிறகு தன்னை விட்டு நீங்கவே இல்லை என்று முதுமையில் அவர் நினைவுகூர்ந்தார். லூனவீல் நகரின் அருகிலுள்ள எரிமெனில் என்ற சிற்றூரில் 1614ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த நிக்கோலா ஹெர்மன் என்பது அவருடைய இயற்பெயர். கிறிஸ்தவ உலகம் அவரைச் சகோதரர் லாரன்ஸ் என்று அறியும்.

பானை சட்டிகளுக்கு நடுவே கடவுளோடு உரையாடிய எளிய சமையற்காரர் என்பதே அவரைப் பற்றிப் பரவலாக நிலைத்துவிட்ட சித்திரம். அது பொய்யல்ல, ஆனால் பாதி மட்டுமே. அந்தச் சித்திரத்தில் போர் இல்லை, தூக்குமரத்தின் நிழல் இல்லை, தனக்கு மீட்பே இல்லை என்று அவர் நம்பிக் கழித்த ஆண்டுகளும் இல்லை. அவற்றை நீக்கிவிட்டால் அவருடைய அமைதி ஒரு சுபாவமாக, வாய்த்த வரமாக மட்டுமே தெரியும். ஆவணங்கள் காட்டும் வரிசை வேறு. அமைதி கிடைத்ததால் அவர் கடவுளை நம்பவில்லை. முதலில் நம்பிக்கை, அமைதி வெகு காலம் கழித்தே வந்தது.

அந்த மரத்தைக் கண்டபின் அவர் உடனே துறவியாகிவிடவில்லை. லொரேன் கோமகனின் படையில் சிப்பாயாக இருந்தார். ஜெர்மானியப் படையினரிடம் சிக்கியபோது ஒற்றன் என்று சந்தேகித்துத் தூக்கிலிடப்போவதாக மிரட்டினார்கள். கலோவின் மரம் அவருக்கு வெறும் ஓவியமாக இருந்திருக்க முடியாது. கலங்காமல் அவர் சொன்ன பதிலைக் கேட்டு விடுவித்தார்கள். 1635இல் ரம்பேர்வில்லியே என்ற ஊரில் சுவீடன் படையினரோடு நடந்த மோதலில் காயமுற்றார். பிற்காலத்தில் அவர் கால் ஊனத்தோடுதான் நடமாடினார்.

படையை விட்டபின் கொஞ்ச காலம் தனிமைத் துறவியாக வாழ முயன்றார். ஒருநாள் பரவசம், மறுநாள் சோர்வு என மனம் ஊசலாடியது. ஒழுங்கு ஏதுமற்ற பக்தி தன்னைத் தாங்காது என்று கண்டுகொண்டார். பாரிசில் அரசுக் கருவூல அதிகாரி ஒருவர் வீட்டில் ஏவலாளாக இருந்தார். தொட்டதையெல்லாம் உடைத்துவிடும் விகாரமான ஆள் என்று தம்மைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். 1640இல் பாரிசின் வொழிரார் தெருவிலிருந்த கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தபோது, அந்தக் குறைகளுக்கெல்லாம் அங்கே தோலுரிப்பார்கள், அதுவே தமக்குரிய தவம் என்று எதிர்பார்த்தாராம். கடவுள் தம்மை ஏமாற்றிவிட்டார், நிறைவு மட்டுமே கிடைத்தது என்று பிறகு வேடிக்கையாகக் குறைபட்டுக்கொண்டார்.

மடத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட இடத்தை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அக்காலத் துறவு மடங்களில் இரண்டு படிநிலைகள் இருந்தன. குருப்பட்டம் பெற்று, இலத்தீன் கற்று, திருப்புகழ் மன்றாட்டுகளைப் பாடகர் குழுவில் நின்று ஓதும் துறவிகள் ஒரு நிலை. சமையல், செருப்புத் தைத்தல், தோட்டவேலை என்று உடலுழைப்பைச் செய்யும் உழைப்புச் சகோதரர்கள் மற்றொரு நிலை. இலத்தீன் மன்றாட்டுகளுக்கு மாற்றாக இவர்கள் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்ற செபத்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சொல்லிக்கொள்ள வேண்டும். லாரன்ஸ் இந்த இரண்டாம் நிலையினர். லூக்கா நற்செய்தியில் வரும் மார்த்தா, மரியா சகோதரிகளின் கதையைக் கொண்டு, இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்ட மரியாவின் தியானமே மேலானது, பணிவிடை செய்த மார்த்தாவின் உழைப்பு அதற்கு அடுத்ததே என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. அவிலாவின் தெரேசா, அதே கார்மேல் மரபைச் சீர்திருத்தியவர், கீழ்ப்படிதல் ஒருத்தியை அடுக்களைக்கு அனுப்பினால் அங்கேயும் ஆண்டவர் உடனிருக்கிறார் என்று தம் சகோதரிகளுக்கு ஏற்கெனவே நினைவூட்டியிருந்தார். லாரன்ஸ் அதை ஒரு வாழ்நாள் முழுக்கச் சோதித்துப் பார்த்தவர்.

அதுவும் அவர் விரும்பாத இடத்தில். சமையலறை வேலை அவருக்கு இயல்பிலேயே வெறுப்பூட்டுவது. அங்கேதான் சுமார் 15 ஆண்டுகள் வேலை செய்தார். கால் நோவு கடுமையானபின் உட்கார்ந்தபடி செய்யும் மிதியடி தைக்கும் பணிக்கு மாற்றப்பட்டார். மடத்துக்கு வேண்டிய திராட்சை மது வாங்குவதற்கு 1665இல் ஓவேர்ஞ் பகுதிக்கும் 1666இல் பர்கண்டிக்கும் அனுப்பப்பட்டார். வாணிபத் திறமையும் இல்லை, காலும் சரியில்லை. படகில் நகர வேண்டுமானால் மதுப் பீப்பாய்களின் மேல் உருண்டுதான் நகர முடிந்தது. இது உம்முடைய வேலை என்று கடவுளிடம் சொல்லிவிட்டுக் காரியத்தில் இறங்குவார். எல்லாம் எப்படியோ நன்றாகவே முடிந்துவிடும்.

அவருடைய வழிமுறை இவ்வளவுதான். வேலையைத் தொடங்குமுன் கடவுளிடம் ஒரு சொல். வேலைக்கு நடுவில் அவர் பக்கம் ஒரு கணம் திரும்புதல். தவறினால் ஒப்புக்கொண்டு, அதையே நினைத்து மருகாமல், மீண்டும் தொடங்குதல். செபத்துக்கென ஒதுக்கிய நேரங்களை மடத்தின் ஒழுங்குப்படி தவறாமல் கடைப்பிடித்தார். ஆனால் அந்த நேரத்துக்கும் அடுப்படி நேரத்துக்கும் தம் உள்ளத்தில் வேறுபாடு இல்லாமல் போயிற்று என்றார். சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதும், தரையில் கிடக்கும் ஒரு துரும்பைக் குனிந்து எடுப்பதும் கடவுள்மீதுள்ள அன்புக்காகச் செய்தால் வழிபாடே என்பது அவர் கொள்கை. தன் நேரத்தின்மேல் தனக்கே உரிமையில்லாத ஏவலாளுக்கும் செபம் சாத்தியம் என்ற விடுதலை இதில் இருக்கிறது. சமயத்தின் உச்சநிலைகள் ஓய்வுள்ளவர்களின் சொத்தாக இருந்த ஒரு காலத்தில் இது சிறிய செய்தி அல்ல.

இனி, பரவலான சித்திரம் விட்டுவிடும் பகுதி. மடத்தில் சேர்ந்த முதல் பத்தாண்டுகள் தாம் மிகவும் துன்புற்றதாக அவருடைய கடிதம் ஒன்று கூறுகிறது. அதிலும் கொடியது, தமக்கு நரகம் உறுதி என்ற எண்ணம். அது நான்கு ஆண்டுகள் நீடித்தது. உலகத்து மனிதர் எல்லோரும் கூடிச் சொன்னாலும் அந்த எண்ணத்தை மாற்றியிருக்க முடியாது என்கிறார். அதிலிருந்து அவர் வெளியேறிய விதம் வியப்பூட்டுவது. மீட்பு உண்டு என்ற உத்தரவாதம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு என்ன நேர்ந்தாலும் நேரட்டும். சாகும்வரை அவருடைய அன்புக்காக என்னாலியன்றதைச் செய்வேன், அது எனக்குப் போதும் என்று முடிவெடுத்தார். தன் முடிவு என்னவாகும் என்ற கேள்வியைக் கைவிட்டபோதுதான் கலக்கம் தீர்ந்தது. இந்த நம்பிக்கை ஒரு பேரம் அல்ல. பதிலுக்கு எதையும் கேளாமல் கொடுக்கப்பட்டது என்பதால்தான் பறிக்கப்படவும் முடியாததாக இருந்தது.

சமையலறையில் பிறந்த இந்தத் தீர்மானம் அக்காலத்தின் மிகப் பெரிய இறையியல் சர்ச்சையைத் தொட்டது என்பது வரலாற்றின் விசித்திரம். லாரன்ஸ் 1691 பிப்ரவரி 12 அன்று இறந்தார். 1666இலும் 1667இலும் அவரைச் சந்தித்து உரையாடிய ஜோசப் த போஃபோர் என்ற குரு, அந்த உரையாடல்களையும் கடிதங்களையும் தொகுத்து 1692இலும் 1694இலும் நூல்களாக வெளியிட்டார். அதற்குள் காற்று திசைமாறிவிட்டது. முற்றான உள்ளமைதியைப் போதித்த மிகேல் த மோலினோசின் கருத்துகளை 1687இல் ரோமாபுரி கண்டித்திருந்தது. ஆன்மிக எழுத்தாளரான மதாம் குய்யோன் 1695இல் சிறைப்பட்டார். பேராயர் ஃபெனலோன் 1697இல் எழுதிய நூலில், நரகமே கிட்டினும் கைம்மாறு கருதாமல் கடவுளை நேசிக்கும் தூய அன்பைப் பற்றிப் பேசினார். ஆயர் பொசுவே கடுமையாக எதிர்த்தார். 1699இல் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னொசென்ட் அந்நூலின் 23 கூற்றுகளைக் கண்டித்தார், ஃபெனலோன் பணிந்தார். ஃபெனலோன், முதிய லாரன்சை நோய்ப்படுக்கையில் நேரில் கண்டு பேசியவர். அந்த முரட்டுத் தோற்றத்துக்குள் இருந்த மென்மையைப் பிறகு ஒரு கடிதத்தில் வியந்து எழுதியவர்.

இத்தகைய சூழலில் அந்தச் சிறு நூல் பிரெஞ்சுக் கத்தோலிக்கரிடையே மங்கிப்போனது. அதை எடுத்துக் காத்தவர்கள் புராட்டஸ்டன்டுகள். பியேர் புவாரே என்ற புராட்டஸ்டன்டு இறையியலாளர் அதை மறுபதிப்புச் செய்தார். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி 1749 முதல் 1755 வரை வெளியிட்ட 50 தொகுதிகள் கொண்ட 'கிறிஸ்தவ நூலகம்' வரிசையில் அதன் பகுதிகளைச் சேர்த்தார். மதப்போர் ஒன்றில் காயம்பட்ட கத்தோலிக்கச் சிப்பாயின் சொற்களைப் போரின் மறுபக்கத்து மரபு பேணி வைத்தது.

ஆயினும் நம் காலத்து வாசகரின் மனத்தில் ஒரு கேள்வி எழத்தான் செய்யும். இத்தனை அமைதி ஒருவகை அலட்சியம் அல்லவா? உலகில் நடக்கும் பாவங்களையும் துயரங்களையும் கேட்டுத் தாம் வியப்பதில்லை, மனிதரின் தீமையை எண்ணினால் அவை இன்னும் அதிகமாக இல்லாததே வியப்பு, பாவிகளுக்காக மன்றாடிவிட்டுக் கடவுளிடம் விட்டுவிடுகிறேன் என்று அவர் போஃபோரிடம் சொன்னதுண்டு. முதல் வாசிப்பில் இது என்னைச் சங்கடப்படுத்தியது. பிறகு, இதைச் சொல்பவர் யார் என்று எண்ணிப் பார்த்தேன். தீமையை நூல்களில் படித்தவர் அல்லர். அதன் சீருடையை அணிந்தவர். கடிதமொன்றில் தம்மைப் புண்கள் நிறைந்தவனாக, தன் அரசனுக்கு எதிராக எல்லாக் குற்றங்களும் செய்தவனாக வருணிக்கிறார். அந்த அரசனோ தண்டிக்காமல் தழுவி, பந்தியில் அமர்த்தித் தன் கையாலேயே பரிமாறுகிறான். பக்தி இலக்கியத்தின் வழக்கமான உருவகமாகவும் இதைக் கொள்ளலாம். ஆனால் லொரேன் போரில் இருந்தவர் எழுதியது என்று நினைத்துப் படிக்கும்போது அச்சொற்களின் எடை கூடுகிறது. தூக்குமரத்துக்கு உரியவன் பந்தியில் அமர்கிறான். பிறகு எழுந்து மற்றவர்களுக்குச் சமைக்கப் போகிறான்.

அந்த மடத்தின் கதை அவரோடு முடியவில்லை. லாரன்ஸ் இறந்து நூறு ஆண்டுகள் கடந்து, பிரெஞ்சுப் புரட்சியின்போது அதே கட்டடம் சிறையாயிற்று. திருச்சபையை அரசுக்குக் கீழ்ப்படுத்தும் சட்டத்துக்கு உறுதிமொழி அளிக்க மறுத்த குருக்களை அங்கே அடைத்தார்கள். 1792 செப்டம்பர் 2 அன்று ஆர்ல் நகரின் பேராயர் உட்பட 100க்கும் மேற்பட்டோர் அந்த வளாகத்தில், தோட்டத்திலும் வாயிற்படியிலும், கொல்லப்பட்டனர். 1875 முதல் பாரிசின் கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனம் அங்கே இயங்கி வருகிறது.

கடவுளை நம்புவது பாதுகாப்புக்கான முன்பணம் என்று எண்ணுவோருக்கு அந்தத் தோட்டம் ஒரு மறுமொழி. லாரன்சின் செபம் அவ்வளாகத்தைச் சுற்றி அரணெதுவும் எழுப்பவில்லை. அவரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அவர் கண்ட மரம் வசந்தத்தில் கண்டது அன்று. கிளைகள் வெறுமையாய் நின்ற குளிர்காலத்தில் கண்டது. தளிரைப் பார்த்தபின் நம்புவதற்கு யாரும் தேவையில்லை. பதினெட்டு வயதில் அவர் கண்டதும், பிறகு ஐம்பது ஆண்டுகள் அடுப்படியிலும் மிதியடிப் பட்டறையிலும் நாள்தோறும் திரும்பத் திரும்பப் பழகியதும், இலையில்லாத அந்தக் கிளையை நம்பிக்கையோடு பார்ப்பதைத்தான்.