கின்பாகு
வயதுவந்த இருவர் மனமொத்துச் செய்யும் ஜப்பானியக் கயிற்றுக்கட்டு. எடோ காலத்தில் கைதிகளைக் கட்டிய ஹோஜோஜுட்சு முறை இதன் வேர்களில் ஒன்று; நவீன வடிவத்துக்கு ஓவியர் இத்தோ செய்யு (1882–1961) முன்னோடியாகக் கருதப்படுகிறார். சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சணல் கயிறே வழக்கம்.

வீட்டில் துணையிடம் இதை முதலில் பேச்சாகவே தொடங்க வேண்டும். திடீரென்று கயிற்றை எடுத்து நீட்டுவது சம்மதம் கேட்பதாகாது. தயங்கிச் சொல்லும் ‘சரி’யும் சம்மதமன்று. நிறுத்துவதற்கான சொல்லை முன்பே பேசிவைத்து, ஒரு மணிக்கட்டில் மட்டும், இறுகாத முடிச்சோடு பழகலாம். பெரிய ஆபத்து நரம்பழுத்தம்: மேற்கையில் ஆரை நரம்பு எலும்பையொட்டி ஓடுவதால், அங்கே கயிறு அழுத்தினால் மணிக்கட்டு தொய்ந்துபோகலாம், குணமாக வாரங்கள் ஆகலாம். விரல் மரத்துப்போனால் உடனே அவிழ்க்க வேண்டும். முனை மழுங்கிய கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கழுத்தில் கயிறு கூடவே கூடாது; கட்டப்பட்டவரைத் தனியே விடவும் கூடாது.