குழம்பு மிஞ்சிய தீவு

போன ஞாயிறு சாப்பிடும்போது பொண்ணு கேட்டாள்: "அப்பா, நான் தமிழ் எழுதப் படிக்கலைன்னா என்ன ஆயிடும்?" வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். நம்ம பெங்களூர் வீடுகளில் இது புதுசில்லை. நான் அறிவுரை சொல்லலை. குவாதலூப் கதையைச் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதறேன்.

கரீபியன் கடலில் பட்டாம்பூச்சி மாதிரி விரிஞ்ச பிரெஞ்சுத் தீவு அது. 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதவில்லை. 1854 டிசம்பர் 24-ம் தேதி 'ஒரேலி' என்ற கப்பலில் முதல் இந்தியக் கூலிகள் வந்து இறங்கினார்கள். 1889 வரை வந்தவர்கள் சுமார் 42,000 பேர். நிறைய பேர் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர்கள். அஞ்சு வருஷ ஒப்பந்தம். பேங்க்காரன் புத்தி, எனக்கு ஒப்பந்தம் என்றதும் உரிமை என்ன என்றுதான் தோணும். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குக்கூட ஓட்டுரிமை மறுக்கப்பட்டது. அங்கே 1863-ல் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-ல் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1923-ல்தான் அவர்களைப் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று ஏற்றார்கள். பத்தொன்பது வருஷம்!

உரிமை கிடைச்சது. பேச்சு போயிடுச்சு. இன்று வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. பூசாரிகள் மனப்பாடமாகப் பாடும் தமிழ்ப் பாட்டுக்குப் பலருக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் மாரியம்மன் இருக்கிறாள், 'மாலியெமின்' என்ற பேரில். 'கொலம்போ' என்ற மசாலாக் கறி தீவு முழுக்க எல்லார் வீட்டிலும் கொதிக்குது. பேர் கொழும்பிலிருந்து வந்தது என்பார்கள், நம்ம குழம்புதான் என்பாரும் உண்டு. என் ஓட்டு குழம்புக்கே!

போக நினைப்பவர்களுக்கு: கிராந்த் தேர் பக்கம் வெள்ளை மணல் கடற்கரை, பாஸ் தேர் பக்கம் மழைக்காடும் 1,467 மீட்டர் சூஃப்ரியேர் எரிமலையும். கப்பஸ்தேர் ஊரில் ஷாங்கி கோவிலை விட்டுடாதீங்க. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். சாதாரண ஷெங்கன் விசா மட்டும் போதாது, இந்தத் தீவுக்கும் செல்லும்படி கேட்டு வாங்கணும்.

கதை முடிஞ்சதும் பொண்ணு கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் தட்டைப் பார்த்துக் கேட்டாள், "குழம்புக்கு எந்த ழ-ப்பா?"

நோட்டை எடுத்துட்டு வரச் சொன்னேன்.