சிவப்பு எது, எடுத்துக் கொடு! - பூக்கூடையை வைத்தே குட்டீஸுக்குக் கலர் சொல்லித் தரலாம்

திருவண்ணாமலை மாட வீதியில் காலையில் ஒரு பூக்கடை முன்னால் நின்று பாருங்கள். மஞ்சள் சாமந்தி, ஆரஞ்சு கனகாம்பரம், வெள்ளை மல்லி, பச்சை மரிக்கொழுந்து. பக்கத்திலேயே இரண்டு பூவை எடுத்து வைத்து, நாரைச் சுற்றி, முடிச்சு போட்டுக்கொண்டே போகும் விரல்கள். நிறங்களின் பெயர், விரல்களுக்குப் பயிற்சி என உங்க வீட்டு வாண்டுக்குத் தேவையான ரெண்டு பாடமும் அந்த ஒரு கூடையில் இருக்கு.

ஆனா நாம என்ன பண்றோம்? போனில் கலர்ஸ் ரைம்ஸ் போட்டுக் கொடுத்துட்டு, மூணு வயசானதும் பென்சிலைக் கையில் திணிச்சு 'அ' எழுதச் சொல்றோம். திரையில் தட்டித் தட்டிப் பழகிய விரல் திடீர்னு பென்சில் பிடிக்கத் திணறும். குழந்தை அழும். 'எழுதவே மாட்டேங்குது' என்று பழியும் அதன் மேலேயே விழும்.

எந்த வயசுல என்ன எதிர்பார்க்கலாம்?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மையம் (சி.டி.சி) வெளியிட்டுள்ள வளர்ச்சிப் பட்டியலின்படி, இரண்டரை வயதில் ஒரே ஒரு நிறமாவது தெரிந்தால் போதும். மூன்று வயதில் பெரிய மணிகளைக் கோர்க்க வரும். நான்கு வயதில்தான் சில நிறங்களின் பெயரைச் சொல்வதும், க்ரேயானை முஷ்டியில் பிடிக்காமல் விரல்களால் பிடிப்பதும் பட்டியலில் வருகின்றன. அதனால இரண்டு வயசுக் குழந்தை பச்சையை சிவப்புன்னு சொன்னா பதற வேண்டாம்.

'மஞ்சள் பூ'வா... 'பூ, மஞ்சள்' என்பதா?

'பந்து' என்றால் கையில் பிடித்துக் காட்டலாம். 'மஞ்சள்' மட்டும் தனியாக எங்கேயும் இருக்காது. பூவிலும் இருக்கும், வாழைப்பழத்திலும் இருக்கும், ஆட்டோவிலும் இருக்கும். குழந்தைகள் குழம்புவது இதனால்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆங்கிலம் பேசும் சின்னக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். பொருளின் பெயரை முதலில் சொல்லி, நிறத்தைப் பிறகு சொன்னபோது குழந்தைகள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். தமிழில் இது இன்னும் சுலபம். 'இந்தப் பூ மஞ்சள்', 'உன் சட்டை நீலம்'. அவ்வளவுதான்!

மாண்டிசோரியின் மூணு படி

1939-ல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர் மரியா மாண்டிசோரி. அவருடைய முறையில் முதல் நிறப் பெட்டியில் இருப்பது சிவப்பு, நீலம், மஞ்சள் என மூன்றே ஜோடிகள்தான். கற்றுத் தருவதும் மூணு படியில்.

1. பெயர் சொல்லுங்கள்: 'இது சிவப்பு, இது மஞ்சள்.'
2. கேளுங்கள்: 'சிவப்பு எது? எடுத்துக் கொடு.'
3. கடைசியாக: 'இது என்ன கலர்?'

நாம பெரும்பாலும் நேரா மூணாவது படிக்குத் தாவிடறோம். விருந்தாளி முன்னாடி 'இது என்ன கலர், சொல்லு சொல்லு'ன்னு கேட்கிறது அதுதான். ரெண்டாவது படியில்தான் அதிக நேரம் விளையாடணும். தப்பா எடுத்தாலும் திருத்த வேண்டாம். இன்னொரு நாள் முதல் படியிலிருந்து ஆரம்பிங்க.

வீட்டிலேயே நாலு விளையாட்டு

பூ பிரிக்கலாம்: பூஜைக்கு வாங்கிய உதிரிப்பூவைக் கலந்து தட்டில் கொட்டுங்கள். மஞ்சள் ஒரு கிண்ணம், வெள்ளை ஒரு கிண்ணம். மூன்று வயது தாண்டியவர்கள் கோர்க்கலாம். ஊசி வேண்டாம், ஷூ லேஸும், நறுக்கிய கலர் ஸ்ட்ராவும் போதும்.

கிள்ளிப் போடும் கோலம்: கோலப்பொடியைக் கிள்ளி எடுப்பது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் சேர்ந்து செய்யும் வேலை. பென்சில் பிடிக்கப்போவதும் அதே மூணு விரல்தான். கடையில் விற்கும் சாயப்பொடிக்குப் பதில், அரிசி மாவில் மஞ்சள்தூள் கலந்து ஒன்று, பீட்ரூட் சாறு கலந்து காயவைத்து ஒன்று எனத் தயார் செய்யுங்கள். நீங்கள் வட்டம் போடுங்கள், குழந்தை நிரப்பட்டும்.

சங்குப்பூ மேஜிக்: நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து ஆறவிட்டால் நீலத் தண்ணீர். அதில் குழந்தையே எலுமிச்சை மூடியைப் பிழிந்தால், கண்ணெதிரே ஊதாவாக மாறும். புளிப்பு பட்டால் நிறம் மாறும் தன்மை அந்தப் பூவுக்கு உண்டு. பிழியப் பிழியக் கைக்கும் பலம்.

கொடியில் கிளிப்: துணி காயப்போடும்போது நீல க்ளிப்பை நீலத் துணிக்கும், பச்சையைப் பச்சைக்கும் மாட்டச் சொல்லுங்கள். நமக்கும் ஒரு வேலை முடியும்!

இதில் மட்டும் கவனம்

கோயில் பூக்கூடையில் அரளியும் இருக்கும். பார்க்க அழகு, ஆனால் செடி முழுக்க விஷம். சிவப்பும் கறுப்புமாக இருக்கும் குன்றிமணியும் அப்படியே. இரண்டையும் விளையாட்டுக்குத் தராதீங்க. மூன்று வயதுக்குள் இருந்தால் மணி, புளியங்கொட்டை, பட்டன் எதுவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். எந்த விளையாட்டிலும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கணும்.

பாட்டி 'ஊதா', அம்மா 'ப்ளூ', டீச்சர் 'நீலம்'

பல வீடுகளில் நீலத்தையே ஊதா என்கிறோம். குழந்தைக்கு ஒரே நிறத்துக்கு மூணு பேர்! ஆரம்பத்தில் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். அடிப்படை நிறங்கள் பிடிபட்ட பிறகு கிளிப்பச்சை, அரக்கு, மயில்கழுத்து என்று போகலாம். வீட்டில் ஒரு ஆரணிப் பட்டு இருந்தால் அதுவே பாடப்புத்தகம்.

நாலு, அஞ்சு வயசிலும் சிவப்பையும் பச்சையையும் தொடர்ந்து மாற்றிச் சொன்னால், அதட்டாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். நிறக்குறைபாடு ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம். அது பிடிவாதமும் இல்லை, மக்குத்தனமும் இல்லை.

அடுத்த தடவை கோயிலுக்குப் போகும்போது மலையைக் காட்டி ஒரு விஷயம் சொல்லுங்க: அருணாசலத்தில் 'அருணம்' என்றால் சிவப்பு, 'அசலம்' என்றால் மலை. அப்புறம் பூக்கடையில் நின்று, 'சிவப்பு எது, எடுத்துக் கொடு' என்று கேளுங்க. குட்டி விரல் ரோஜாவை நோக்கிப் போனா, ரெண்டு பாடமும் நல்லா போகுதுன்னு அர்த்தம்!