ஊவாத் தோட்டங்களில் உலர்விறகு

இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாறு நிலம், மூலதனம், கூலி, குடியுரிமை ஆகியவற்றை அடியாகக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. தொழிலாளரின் அடுப்பில் எரிந்த விறகு அதில் அரிதாகவே இடம்பெறுகின்றது. எனினும், விறகை யார், எங்கே உலர வைத்தனர் என்னும் வினா, தோட்டச் சமூகத்தின் அமைப்பையே வெளிப்படுத்த வல்லது.

பதுளையின் தேயிலை மலைகளுக்கும் மொனராகலையின் இறப்பர்த் தோட்டங்களுக்கும் பொதுவானது ஊவாவின் பருவநிலை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவை நனைக்கும்போது, ஊவாவில் உலர்ந்த காற்றே வீசும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலேயே இங்குப் பெருமழை பெய்யும். ஆகவே, வறண்ட மாதங்கள் விறகு சேர்க்கும் காலம். மழை மாதங்கள் அதனைக் காக்கும் காலம்.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகும். நன்குலர்ந்த விறகில் அது ஐந்திலொரு பங்கிலும் குறைவு. ஈரவிறகை எரித்தால் வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே கழியும்; புகையும் மிகும். இதனாலேயே விறகைப் பிளந்து, நிலத்தில் படாது உயர்த்தி, பக்கங்களிற் காற்றுப்புக அடுக்கி, மேலே கூரையிடுவர்.

தொழிற்சாலை இவ்வுண்மையை நன்கறிந்திருந்தது. கொழுந்தை வாட்டவும், தேயிலையை உலர்த்தவும், இறப்பர்த் தாள்களைப் புகையூட்டவும் சீரான வெப்பம் வேண்டும். எரிபொருளுக்கெனத் தோட்டங்களில் யூக்கலிப்டஸ், கிரெவிலியா முதலிய மரங்கள் நடப்பட்டன. வெட்டிய விறகுக்குக் கொட்டகைகள் எழுந்தன. 1973, 1979 ஆம் ஆண்டுகளின் எண்ணெய் விலையேற்றங்களின் பின்னர், எண்ணெய்க்கு மாறியிருந்த தொழிற்சாலைகள் பலவும் விறகை மீண்டும் நாடின. அங்கு விறகின் உலர்வு உற்பத்திச் செலவோடு தொடர்புடையது.

லயத்தின் நிலை வேறு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலே குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. விறகுக்கெனத் தனியிடம் இல்லை. சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டியபின் கிடைக்கும் மிலாறே முக்கியமான எரிபொருள். கொழுந்தெடுத்துக் களைத்த பெண்களே அதனைக் கட்டித் தலையிற் சுமந்து வந்தனர். ஒரு பகுதி இஸ்தோப்பின் ஓரத்திலும், மறுபகுதி அடுப்புக்கு மேலுள்ள பரணிலும் ஏறியது. இன்றைய நெருப்பே நாளைய விறகை உலர்த்தும். அறிவார்ந்த முறைதான் இது. ஆயினும், காற்றோட்டமற்ற அறையில் அந்தப் புகையைப் பெண்களும் குழந்தைகளுமே சுவாசித்தனர். இவ்வுழைப்பு எந்தச் செக்ரோலிலும் பதியப்படவில்லை.

ஒரே மழை, ஒரே மலை. தொழிற்சாலை விறகுக்குக் கூரை இருந்தது, தொழிலாளர் விறகுக்கு இல்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களும் 1992 இல் தோட்ட முகாமை கம்பனிகளிடம் சென்றதும் நிருவாகத்தை மாற்றின. லயங்கள் பெருமளவிற்கு அவ்வாறே நின்றன. 2022 ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டில் நகரத்தாரும் விறகைத் தேடியபோது, அதன் அருமை நாடறிந்தது. மலையக வீடமைப்பைத் திட்டமிடுவோர் புகைபோக்கியையும் விறகுக்கான ஒரு சிறு தாழ்வாரத்தையும் வீட்டின் இன்றியமையாத உறுப்புகளாகக் கொள்ளுதல் வேண்டும். வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவே.